காது ஊசி வைத்தியமும் உடல் வலியும்

குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கும், குனிந்து நாற்று நடும் உழவருக்கும் இடுப்பு வலியும் மூட்டு வலியும் புதியனவல்ல. வலி தீருமெனக் கேள்வியுற்ற எம்முறையையும் நாடிப் பொருளைச் செலவிடுவோர் பலர். அத்தகைய முறைகளுள் ஒன்றாகிய காது ஊசி வைத்தியத்தின் பயனையும் எல்லையையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

தோற்றம்

பிரான்சு தேசத்து லியோன் நகர மருத்துவர் பால் நோஜியே, 1950-களின் தொடக்கத்தில், தம்மிடம் வந்த நோயாளிகள் சிலரின் காது மடலில் சூட்டுத் தழும்பு இருக்கக் கண்டார். பட்டம் பெறாத வைத்தியப் பெண்மணி ஒருவர் அவ்விடத்தில் சுட்டதனால், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி நீங்கியதென்று அவர்கள் கூறினர். நோஜியே அதனை எள்ளி நகையாடாது ஆராயத் தலைப்பட்டார். கருப்பையில் தலைகீழாகக் கிடக்கும் சிசுவைப் போன்று உடலுறுப்புகளுக்குரிய புள்ளிகள் காதில் அமைந்துள்ளன என்று படம் வகுத்து, 1956-ல் மார்சேய் நகர மாநாட்டில் எடுத்துரைத்தார். பின்னர்ச் சீனரும் இதனைத் தம் முறையோடு இணைத்துக்கொண்டனர்.

செயல் முறை

படத்தின்படி காதின் அடிச்சோணை தலைக்கும், உள்மேடு முதுகெலும்புக்கும் உரியன. அவ்விடங்களில் மெல்லிய ஊசியைச் செருகுவர். 2001-ல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்டு நெம்ட்சோ, காதுக்கு ஐந்து புள்ளிகள் கொண்ட எளிய முறையொன்றை வகுத்தார். அதில் செருகும் சிற்றூசிகள் சில நாட்கள் காதிலேயே தங்கும்.

மூளையோடு தொடர்புடைய நரம்புகள் பல காது மடலில் வந்து கூடுகின்றன. ஆகவே அங்கு எழும் தூண்டல் வலியுணர்வைக் குறைத்தல் கூடும். ஆயினும் சிசு வடிவப் படம் இன்னும் ஐயத்திற்கிடமற நிறுவப்படவில்லை.

சோதனைகள் கூறுவது

ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்டு நகரத்து மருத்துவர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்குப் பின், உரிய காதுப் புள்ளிகளில் ஊசி பெற்றவர்களுக்கு, வேறிடத்தில் ஊசி பெற்றவர்களைவிட வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. இது புதிதாய்த் தோன்றிய வலி. நாட்பட்ட வலியிலோ, 1984-ல் மெல்சாக், காட்ஸ் என்னும் இருவர் 36 நோயாளிகளிடம் காதில் மின்தூண்டல் அளித்துச் சோதித்தபோது, உரிய புள்ளிக்கும் பொய்ப் புள்ளிக்கும் வேற்றுமை காணப்படவில்லை. எனவே இம்முறை புதிய வலிக்கு மருந்தோடு துணையாதல் கூடும். நாட்பட்ட வலிக்கு இதனையே நம்பியிருத்தல் தகாது.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. வலி ஓர் அறிகுறியே. கால் மரத்தல், சிறுநீர் அடக்க இயலாமை, காய்ச்சலுடன் கூடிய முதுகு வலி, நெஞ்சு வலி ஆகியவற்றிற்கு உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். காதில் ஊசியிட்டுக் காலம் கடத்தலாகாது.

2. காதின் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால் அங்கு சீழ் பிடித்தால் ஆறுவது அரிது. கிருமி நீக்கிய புதிய ஊசியையே பயன்படுத்துதல் வேண்டும். பயிற்சி பெற்றவரிடமே செல்லுதல் வேண்டும்.

3. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போர் அதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

4. எத்தனை முறை வரவேண்டும், செலவு எவ்வளவு, பயன் தோன்றாவிடில் எப்போது நிறுத்துவது என்பவற்றை முதலிலேயே கேட்டறிதல் நலம்.

வலி தணிந்தாலும் வலிக்குக் காரணம் நீங்கிவிடுவதில்லை. தறியின் இருக்கை உயரத்தைச் சீர்செய்தலும், இடையிடையே எழுந்து நடத்தலும் எவ்வூசியாலும் ஈடு செய்ய இயலாதவை. இவற்றை அங்கத்தினர்கள் தம் இல்லத்தாரோடும் கலந்து ஆலோசிப்பார்களாக.