அப்ரூவலுக்கு முன்பே டேப்பை எடுங்கள்

சென்னையில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடியாக மாறிவரும் பழைய குடியிருப்புப் பகுதிகளில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில், புதிதாக வரப்போகும் கட்டடங்களின் பிளானைப் படித்துப் பார்க்கும் வேலை சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. இதே வேலையை ஏற்கப்போகிறவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

ஒரு மனையில் அடுக்குமாடி கட்ட அனுமதி கேட்கும்போது, அக்கம்பக்கத்தாரின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று நம் ஊர் விதிகளில் இல்லை. நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டால்தான் நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் தெரிவிக்கலாம். 20,000 சதுர மீட்டரைத் தாண்டும் கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றாலும், கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. ஆகவே சங்கத்தின் கடிதத்துக்குச் சட்டப்படி தனி அதிகாரம் ஏதும் இல்லை. அதில் இருக்கும் அளவுகள் சரியாக இருந்தால் மட்டுமே அதிகாரி அதைக் கையில் எடுப்பார்.

பழைய வீட்டை இடிக்கும்போதே பில்டரிடம் நேராகப் போய் வரைபடத்தைக் கேட்டுவிடுங்கள். தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் பொதுச் சுற்றுச்சுவர், லாரி வந்துபோவது என்று எதற்கும் அக்கம்பக்கத்தார் தயவு அவருக்கு வேண்டும், அதனால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை, அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்தாக வேண்டும். அங்கே அனுமதி பெற்ற பிளானையே பார்க்கலாம், ஆனால் அதற்குள் அனுமதி கிடைத்துவிட்டிருக்கும்.

வரைபடம் கைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது, டேப்போடு தெருவில் இறங்கி இந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை அளப்பது. ஓர் இடத்தில் மட்டும் அளந்தால் போதாது. மனைக்கு எதிரே, தெருமுனையில், நடுவில் எங்கே நெருங்குகிறதோ அங்கே என்று அளக்க வேண்டும். எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் சாலையின் அகலத்தில்தான் நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டர் வரை உயர்மாடி அல்லாத கட்டடம். அதற்கான தளப்பரப்புக் குறியீடு 2. ஐந்து கிரவுண்டு மனை என்றால் 12,000 சதுர அடி, அதில் 24,000 சதுர அடி கட்டலாம். அதற்கு மேல் பிரீமியம் கட்டிக் கூடுதல் பரப்பு வாங்கலாம், எவ்வளவு என்பதும் சாலை அகலத்தைப் பொறுத்தது. வரைபடத்தில் உள்ள அகலம் தெருவில் இல்லையென்றால், மேலே போட்ட கணக்கு மொத்தமும் ஆட்டம் காணும்.

அடுத்தது தண்ணீர். நான் மிகுதியாக நேரம் செலவிடுவது இதில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, புதிதாகக் கட்டுபவர்கள் தரைமட்டத்தைத் தெருவைவிட நன்றாகவே உயர்த்துகிறார்கள். அவர்கள் பயம் நியாயம்தான். ஆனால் உயர்ந்த மனையில் விழும் மழை அடுத்த வீட்டு முற்றத்துக்கு ஓடுகிறது, பழைய வீடு பள்ளமாகிவிடுகிறது. ஆகவே மூன்றைத் தேடுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே, நிரம்பி வழியும் நீர் எந்தப் பக்கம் போகிறது, கார் ஏறும் சாய்தளம் எங்கே தொடங்குகிறது. சாய்தளத்தைத் தெருவுக்குள் நீட்டிக் கட்டினால் மழைநீர் வடிகாலின் வாய் அடைபடும். அதைச் சுற்றுச்சுவருக்கு உள்ளேயே தொடங்கச் சொல்வது வரைபட நிலையில் ஒரு கோட்டை நகர்த்தும் வேலை. கான்கிரீட் போட்ட பிறகு அது நடக்கவே நடக்காது.

ஸ்டில்ட் பார்க்கிங்கில், தூண்களுக்கு நடுவே கார் உண்மையில் திரும்புமா என்று பாருங்கள். திரும்பாத இடத்தின் கார் தெருவில்தான் நிற்கும்.

பிறகு சங்கக் கூட்டம். அங்கே எல்லாம் ஒன்றாகக் கொட்டும். வெளிச்சம் போய்விடும், தெருவே கெட்டுவிடும், பேச்சிலர்களுக்கு விடுவார்கள், யார் யாரோ குடிவருவார்கள். யார் குடிவரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை எந்தச் சங்கத்துக்கும் இல்லை. அந்த வரியைக் கடிதத்தில் எழுத நான் கண்டிப்பாக மறுத்துவிடுவேன். வீட்டைக் கொடுப்பவர் பக்கமும் பார்க்க வேண்டும். எங்கள் தெரு மாமி ஒருவர் கேட்டார்: “புள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. ஒழுகற வீட்டை நான் ஒருத்தி எப்படிப் பாத்துக்கறது, சொல்லுங்கோ?” அவர் கையிலிருப்பது அந்த மனை ஒன்றுதான். கட்டடமே வேண்டாம் என்று சங்கம் சொன்னால், அவருக்கு நாம் தரும் பதில் என்ன? ஆகவே நாங்கள் கேட்பது திருத்தம்தான், தடை அல்ல.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு பத்திக்கு ஒரு விஷயம், அதில் வரைபடம் சொல்லும் அளவு, நாம் அளந்தது, பொருந்தும் விதி. அனுமதி தரும் அலுவலகத்துக்கு ஒன்று, மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, பில்டருக்கும் ஒரு நகல். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. “எங்கள் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை” என்று மட்டும் கேளுங்கள்.

பில்டரோடு தனியாக ஓர் எழுத்து உடன்பாடும் செய்துகொள்வது நல்லது. அஸ்திவாரம் தோண்டும் முன் இரு பக்க வீடுகளின் சுவர்களையும், ஏற்கெனவே உள்ள விரிசல்களோடு, தேதி தெரியப் படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 வரை சத்தம் கூடாது, லாரி எந்த நேரம் வரும், தோண்டிய குழியின் நீரை எங்கே விடுவார்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

தூண்கள் தரைக்கு மேல் எழும்பும் வாரத்தில் மறுபடி டேப்பை எடுக்க வேண்டும். பக்கவாட்டு இடைவெளி குறைந்திருப்பது அப்போதே தெரிந்துவிடும். மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் வாங்கப் பணிநிறைவுச் சான்று வேண்டும், சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு. அந்தச் சான்றுக்கு பில்டர் விண்ணப்பிக்கும் முன்பே, தூண் எழும்பியபோது எடுத்த அளவுகளும் படங்களும் சங்கத்தின் கடிதத்தோடு கோப்பில் சேர்ந்திருக்க வேண்டும்.