நீலச் சாயமும் நீர் காக்கும் மின்வாயும்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலாறு, நம் திருப்பூர் வழியாகவே செல்கிறது. நெருப்பெரிச்சலிலும் சுற்றுப்புறங்களிலும் தைக்கப்படும் பனியன்கள் உலகெங்கும் செல்கின்றன. அவற்றின் நிறத்திற்காக ஆறு கொடுத்த விலை பெரிது. 1992இல் பாசனத்திற்கென அமைந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டும்வரை சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. வயல் இழந்தோரும் வேலை இழந்தோரும் நம் மக்களே. ஆறும் வேண்டும், தொழிலும் வேண்டும். இதற்கு வேதியியல் எவ்வாறு துணை செய்யும் என்பதைக் காண்போம்.

சாயநீரில் இருப்பவை

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு மிகுதியாகத் தேவை. சாயம் முழுவதும் துணியில் பிடிப்பதில்லை. எஞ்சியது உப்போடு நீரில் தங்கிவிடுகிறது. இன்று சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்களாலும், சவ்வுகளாலும், ஆவியாக்கும் கலன்களாலும் நீரைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். இதற்கு ஆகும் மின்சாரமும் செலவும் அதிகம்.

மின்சாரம் செய்யும் வேலை

ஒரு பொருளிலிருந்து எலக்ட்ரானைப் பறிப்பதே ஆக்சிஜனேற்றம். கழிவுநீரில் இரு மின்வாய்களை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால், நேர்மின்வாயில் இது நிகழும். நீரிலுள்ள சாதாரண உப்பிலிருந்து குளோரின் தோன்றிச் சாயத்தின் நிறத்தைச் சிதைக்கும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் இத்துறையில் ஆராய்ந்துள்ளனர். ஆனால் இம்முறையில் குளோரின் கலந்த தீய சேர்மங்களும் உண்டாகக்கூடும். நீரே சிதைந்து ஆக்சிஜன் குமிழிகளாக வெளியேறுவதால் மின்சாரமும் வீணாகும். குறைந்த மின்னழுத்தத்தில், வேண்டிய வினையை மட்டும் விரைவுபடுத்த ஒரு வினையூக்கி தேவை.

நடுவில் உலோகம் அமர்ந்த வளையம்

நான்கு நைட்ரஜன் அணுக்கள் சூழ, நடுவே ஓர் உலோக அணு அமர்ந்த பெரிய வளையங்கள் இயற்கையில் உண்டு. நம் குருதியில் இரும்பும், இலையின் பச்சையத்தில் மக்னீசியமும் இவ்வாறே அமைந்துள்ளன. 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில், கண்ணாடிப் பூச்சு விரிசல்விட்ட இரும்புக் கலனில் நீலப் பொருள் ஒன்று தற்செயலாகத் தென்பட்டது. அதுவும் இவ்வகை வளையமே. அதன் பெயர் தாலோசயனின். செம்பு நடுவில் அமைந்த தாலோசயனின் பனியன் துணிகளுக்கு ஏற்றும் மயில்நீலச் சாயத்திலும் உள்ளது!

செம்புக்குப் பதில் கோபால்ட்டை அமர்த்தினால் அதே வளையம் வினையூக்கியாகிறது. அதன் கரைசலைக் கரி மின்வாயில் இட்டு உலர்த்தினால் மெல்லிய படலம் படியும். கந்தகச் சாயங்களைக் கரைக்க உதவும் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றத்திற்குக் காரணமானது. அது இப்படலத்தை அடைந்ததும் தன் எலக்ட்ரானைக் கோபால்ட்டிடம் கொடுக்கிறது. கோபால்ட் அதை மின்வாயிடம் சேர்க்கிறது. பிறகு கோபால்ட் பழைய நிலையை அடைந்து அடுத்ததற்குக் காத்திருக்கிறது. கிணற்றடியில் குடத்தை வாங்கிக் கைமாற்றிக் கொடுப்பவரைப் போன்றதே அதன் பணி.

ஒரு பெண்மணியின் தொண்டு

இத்தகைய மின்வாய்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர் தெபெல்லோ நியோகாங். 1951இல் லெசோத்தோ நாட்டில் பிறந்த இவர், சிறுமியாக இருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டே கல்வி கற்றார். தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர், 2009இல் பெண் அறிவியலாளருக்கான லோரியல்–யுனெஸ்கோ விருதைப் பெற்றார்.

எஞ்சியுள்ள பணி

நீரிலுள்ள மாசின் அளவை அறியும் கருவிகளுக்கு இம்மின்வாய்கள் பெரிதும் ஏற்றவை. பெருந்தொட்டிகளில் கழிவைத் தூய்மையாக்கும் பணிக்கு இவை இன்னும் ஆய்வுக்கூட நிலையைத் தாண்டவில்லை. படலம் நாளடைவில் உரிந்துவிடுவதும், அழுக்குப் படிந்து செயல் குன்றுவதும் தடைகளாக உள்ளன. இத்தடைகளை நீக்க, சாயநீரின் இயல்பை அருகிருந்து அறிந்தவர்கள் வேண்டும்.

அத்தகைய சாயநீர் நம் ஊரிலேயே உள்ளது. எனவே நாம் மின்வேதியியல் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யாமல், பொருளுணர்ந்து கற்போம். இறைவன் தந்த நொய்யலின் நீரை அடுத்த தலைமுறைக்குத் தூய்மையாக ஒப்படைக்கப் பாடுபடுவோமாக!