முதியோர் இல்லங்களில் 'தேவைப்படும்போது' தரும் மருந்தும் அதன் பதிவேடும்

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மருந்துகள் இரு வகையாகத் தரப்படுகின்றன. குறித்த வேளையில் நாள்தோறும் தரப்படுவது ஒன்று. 'தேவைப்படும்போது தருக' என்று மருத்துவர் எழுதிவைத்து, வேளையைச் செவிலியரின் முடிவுக்கு விட்டுவிடுவது மற்றொன்று. இது காய்ச்சல் மாத்திரையானால் கவலையில்லை. உறக்கம், பதற்றம், நடத்தை ஆகியவற்றை மாற்றும் மனநல மருந்தானால், யாருடைய தேவை என்னும் வினா எழுகிறது. இரவில் கூக்குரலிடும் முதியவரின் தேவையா, 40 பேரைத் தனியே கவனிக்கும் பணியாளரின் தேவையா? கூடுதல் பணியாளரின் ஊதியத்தைவிட மாத்திரை மலிவு; விளைவைப் பொருளியல் மாணவர் எளிதில் ஊகிப்பர்.

அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவக் காரணமின்றிப் பணியாளரின் வசதிக்காக முதியோரை மருந்தால் கட்டுப்படுத்துவதைத் தடை செய்தது. மறதி நோயுற்ற முதியோருக்கு உளப்பிணி மருந்துகள் இறப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் புதிய வகை மருந்துகளுக்கும், 2008இல் பழைய வகைகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது. அரசின் மருத்துவ உதவித் திட்டங்களில் பணம் பெறும் இல்லங்களில், 2017 நவம்பர் 28 முதல், தேவைப்படும்போது தரும் மனநல மருந்துக்கான ஆணை 14 நாட்களுக்கே செல்லும். நீட்டிக்க விரும்பும் மருத்துவர் காரணத்தையும் காலத்தையும் நோயாளியின் ஏட்டில் எழுதவேண்டும். உளப்பிணி மருந்தானால் அதுவும் போதாது. நேரில் பரிசோதித்த பின்னரே புதிய ஆணை பிறப்பிக்கலாம்.

எனினும் விதியின் பயன் செவிலியர் எழுதும் சில வரிகளைப் பொறுத்ததே. 'அமைதியின்றி இருந்தார், மாத்திரை தரப்பட்டது' என்பது பதிவாகாது. 'இரவு 9 மணிக்குப் பின் மும்முறை கட்டிலிலிருந்து இறங்க முயன்றார், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார், கழிப்பறைக்கு அழைத்துச் சென்றபின் அடங்கினார்' என்று எழுதினால் மாத்திரையே வேண்டியிராது. இத்தகைய குறிப்பு நான்கு இரவுகள் தொடர்ந்தால், மருத்துவர் சிறுநீர்த் தொற்றையோ மலச்சிக்கலையோ தேடுவார். பேச இயலாதவரின் வலி நடத்தையாகவே வெளிப்படும். மருந்து தந்தபின் நடந்ததும் முக்கியமானது: அமைதி கிட்டியதா, மறுநாள் நடை தள்ளாடியதா? 14 நாட்களில் ஒருமுறையும் தரப்படவில்லையெனில், அந்த வெற்றுக் கட்டங்களே ஆணையை நீக்கப் போதிய சான்று.

நம் நாட்டில் 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள எச்1 அட்டவணைப்படி, டயசிபாம், அல்பிரசோலம் போன்றவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயரையும் மருந்தின் அளவையும் தனி ஏட்டில் எழுதி, 3 ஆண்டுகள் காக்கவேண்டும். அந்த ஏடு விற்பனையோடு நின்றுவிடுகிறது. இல்லத்தின் அலமாரியிலிருந்து எந்த இரவில், எதன்பொருட்டு மாத்திரை எடுக்கப்பட்டது என்பதை அது சொல்லாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம், முதியோர் இல்லங்களின் தரத்தையும் மருத்துவ வசதிகளையும் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்துள்ளது. அதன்கீழ் மருந்தேட்டுக்கு ஒரு படிவம் வகுப்பது கடினமன்று. அச்சுச் செலவும் சிறிதே. இரவுப் பணியில் அதை நிரப்பப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவருக்கான ஊதியமே செலவு மதிப்பீட்டில் முதலில் இடம்பெற வேண்டியது.