கழக்கூட்டம்: பெயரில் வாழும் வரலாறு

கழக்கூட்டம், செம்பழந்தி, குளத்தூர், பள்ளிச்சல். பேருந்துப் பலகைகளில் நாம் காணும் இப்பெயர்கள் வெறும் ஊர்ப்பெயர்களா? அல்ல. திருவிதாங்கூர் மன்னரை எதிர்த்து நின்ற எட்டுவீட்டில் பிள்ளைமாரின் பெயர்களும் இவையே.

கோயில் நிலங்களில் செல்வாக்குப் பெற்றிருந்த அவர்களை, 1729-இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர் ஒடுக்கினார். தலைவர்களைக் கொன்று, வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார் என்பர். அன்று அவருடைய தலைநகர் கல்குளம். பின்னர் பத்மநாபபுரம் எனப் பெயர்பெற்ற அவ்வூர், 1956 முதல் தமிழகத்தில் உள்ளது. ஆகவே, தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த நமக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று.

1918-இல் கொல்லம்–திருவனந்தபுரம் இருப்புப்பாதை கழக்கூட்டம் வழியே வந்தது. 1962-இல் சைனிக் பள்ளியும், 1990-இல் டெக்னோபார்க்கும் தோன்றின. சிற்றூர் நகராயிற்று.

நிலவியல் பயிலும் எனக்கு ஊர்ப்பெயர் தொல்லுயிர்ப் படிவமாகவே தோன்றுகிறது. உடல் அழிந்தும் பாறையில் அச்சு நிற்பதுபோல, பிள்ளையின் வீடு அழிந்தும் பெயர் நிற்கிறது. வென்றவர் வீட்டை இடிக்கலாம். மக்கள் நாவிலுள்ள பெயரை இடிக்க இயலாது.

தோழர்களே! ஈராண்டு தங்கிச் செல்லும் ஊர்தானே என எண்ணாதீர். சந்தைக்குச் செல்லும்போது முதியோரிடம் ஒவ்வோர் இடத்தின் பெயர்க்காரணத்தையும் கேட்டுக் குறித்து வையுங்கள். அவர்களுக்குப்பின் சொல்வார் யார்?