இன்ஜினைப் பார்க்காதீர்கள், தகரத்தைப் பாருங்கள்

பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், பாடம் எடுக்க நாலு பேர் வந்துவிடுவார்கள். கம்ப்ரஷன் பார், சைலன்சர் புகை பார், டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேள். எனக்கும் சொன்னார்கள். மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஒன்று விடாமல் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்த வண்டியில் லேசில் கெடாத ஒரே பொருள் இன்ஜின். ஊர் முழுக்க அதைத்தான் சோதிக்கச் சொல்கிறது!

எதற்கு இந்தப் பழைய வண்டி என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. முதல் தலைமுறை சிட்டி இந்தியாவில் 1998ல் வந்தது. 2000ல் வந்த விடெக்கில் 106 குதிரைத்திறன். வண்டியின் எடையோ ஏறக்குறைய ஒரு டன்தான். 2003ல் அதை நிறுத்திவிட்டு, மைலேஜ் நன்றாகத் தரும் புது சிட்டியை இறக்கினார்கள். அதில் 77 குதிரைத்திறன். இரண்டையும் ஓட்டியவர்கள் பழையதை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் இந்த வண்டிகள் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை. ஐயாயிரம் சுற்றை நெருங்கும்போது ஆயில் அழுத்தத்தில் ஒரு சிறு பின் நகர்ந்து, உள்ளிழுக்கும் வால்வுகள் பெரிய கேமுக்கு மாறும். சத்தமே வேறாகிவிடும். என் மச்சான் போன வருடம் ஒரு புது எஸ்யூவி எடுத்தார். திரை பெரிதாக இருக்கிறது. வேறென்ன சொல்ல?

விஷயத்துக்கு வருகிறேன். புரோக்கர், "டாக்டர் வண்டிங்க சார், ஒரே ஓனர்" என்றார். டாக்டர் உண்மையிலேயே டாக்டர்தான், ஒரே ஓனரும் உண்மைதான். அவர் வீடு சென்னையில் கடற்கரையை ஒட்டி இருந்தது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பல வருடம் உப்புக் காற்றில் திறந்த வெளியில் நின்ற வண்டி அது. கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து, அடியில் புதுசாகக் கறுப்புக் கோட்டிங் அடித்து, மேலே பெயிண்டும் அடித்து நிறுத்தியிருந்தார்கள். பளபளவென்று இருந்தது. முதல் மழைக்காலம் முடிந்ததும் பின்சக்கர வளைவில் கொப்புளம் கிளம்பியது. டிங்கரிங் பட்டறையில் பெரியவர் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். உள்ளே போய்விட்டது. "அடியில தகரமே இல்லீங்களே தம்பி, பூரா பட்டி" என்றார். டிக்கி மேட்டைத் தூக்கினால் ஸ்டெப்னி வைக்கும் குழியில் இன்னொரு ஓட்டை. கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில் பாதி இல்லை. வண்டியைத் தாங்குவதே அந்தப் பட்டைதான்.

வாங்கிய விலையில் பாதிக்கு மேல் அந்தப் பட்டறையில் போனது. அதுவும் இரண்டாவது பட்டறையில். முதலில் போன இடத்தில் துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே ஒரு தகரத்தை ஒட்டி, திரும்பவும் பட்டி பூசி அனுப்பினார்கள். அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கடைக்காரர் படித்தால் அவருக்குத் தெரியும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். பின்சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு, முன் ஃபெண்டரின் அடிமுனை மூன்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அங்கே இருப்பது பட்டி. ஸ்டெப்னியைக் கையோடு வெளியே எடுங்கள். உள்ளே தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், ஈர வாடை வரக்கூடாது. இருபது வருட வண்டிக்கு அடியில் புதுக் கறுப்புக் கோட்டிங் தெரிந்தால், லிஃப்டில் ஏற்றிச் சுரண்டிப் பார்க்க விடுகிறாரா என்று கேளுங்கள். முகம் மாறினால் கிளம்பிவிடுங்கள். இன்ஜின் சுமாராக இருந்து பாடி சுத்தமாக இருக்கும் வண்டி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இன்ஜினை இறக்கி வேலை பார்க்க நம் ஊரில் ஆள் இருக்கிறது. அழுகிய பாடியை ஒழுங்காக வெட்டி ஒட்டுகிற ஆளை வலைபோட்டுத் தேட வேண்டும்.

காகித வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். இருபது வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025ல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். கிளாசிக் என்று சலுகை கேட்கலாமே என்பார்கள். சட்டம் ஐம்பது வருடம் ஆன வண்டியைத்தான் விண்டேஜ் என்கிறது. நம் வண்டி அதில் பாதிதான் கடந்திருக்கிறது. டெல்லியில் பதினைந்து வருடப் பெட்ரோல் வண்டிக்குத் தடை இருப்பதால் அங்கிருந்து என்.ஓ.சி.யோடு மலிவாக வருகிறது. மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் கூட்டினால் மலிவு எங்கே போகிறது என்று தெரியாது. தமிழ்நாட்டு நம்பரே வாங்குங்கள்.

வாங்கியதும் முதல் வேலை பெட்ரோல் ஹோஸ்கள். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடாதீர்கள். வீட்டில்தான் தினசரி ஓட்ட இன்னொரு வண்டி இருக்குமே, ஞாயிற்றுக்கிழமையாவது இதை எடுங்கள். ஆயில் அளவை அடிக்கடி பாருங்கள். அழுத்தம் குறைந்தால் விடெக் வேலையே செய்யாது. சென்சார் போய்விட்டது என்று எவனாவது பில் போடுவான்.

உதிரி பாகங்களைக் கிடைக்கும்போதே வாங்கி வையுங்கள். இதே சிட்டி 1996லேயே தாய்லாந்தில் வந்த வண்டி என்பதால் அங்கிருந்து இன்னும் சில பாகங்களை வரவழைக்க முடிகிறது. பம்பர், விளக்குகளுக்குத்தான் பஞ்சம். டிஸ்ட்ரிபியூட்டர் சூட்டில் திடீரென்று கைவிடும். என்னிடம் உபரியாக இரண்டு இருக்கின்றன. கேட்டு வராதீர்கள், தரமாட்டேன்.