புழைக்கடை வாத்து

காவிரி கரைபுரண்டோடும் ஒகேனக்கல்லில் நீருக்குக் குறைவில்லை. ஆதலின் ஆங்கு வாத்து வளர்த்தல் எளிதென்று நாம் எண்ணுதல் இயல்பே. ஆயினும், முட்டை கருதி முதன்முதல் இத்தொழிலிற் புகுவார் ஆற்றை நம்பாது தம் புழைக்கடையையே நம்புதல் வேண்டும் என்பது எமது துணிபு.

வெள்ளம் மிக்க நாட்களிற் பரிசலோட்டத் தடை விதிக்கப்படுகிறது. பரிசலாலும், எண்ணெய் தேய்த்து விடுதலாலும், மீன் வறுத்து விற்றலாலும் பிழைக்கும் குடும்பங்கட்கு அந்நாட்களில் வருவாய் இல்லை. அத்தகைய வீட்டில் நாள்தோறும் மூன்று நான்கு முட்டை கிடைப்பின் அது சிறுபொருளன்று.

வாத்தைக் கன்னடர் பாதுகோழி என்பர். மலையாளத்தார் தாறாவு என்பர். யாழ்ப்பாணத்தார் தாரா என்பர். நம் நாட்டில் ஆரணி, திருவள்ளூர்ப் பக்கங்களில் இவற்றை மந்தையாக ஓட்டிச் சென்று அறுவடையான வயல்களில் மேய்ப்பர். சிந்திய நெல்லும் நத்தையும் புழுவுமே இரையாதலின் செலவு சிறிது. பாறையும் காடும் சூழ்ந்த ஒகேனக்கல்லிலோ அத்தகைய வயற்பரப்பு இல்லை. ஆற்றில் விடலாமெனின், நீரோட்டம் கடியது; முதலையும் நீர்நாயும் அதன்கண் உண்டு.

முட்டையிடுதற்கு நீச்சல் வேண்டுவதேயன்று. தலையை முழுதும் அமிழ்த்தி மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளத்தக்க அரையடி ஆழமுள்ள தொட்டியொன்று போதும். நீரின்றி ஒருபோதும் இரை வைத்தலாகாது; தவிட்டையும் நொய்யையும் பிசைந்து வைத்தல் நன்று. குஞ்சுகட்கோ ஆழ்ந்த நீர் ஆகாது. தாயின்றி வளரும் குஞ்சின் மெல்லிறகில் எண்ணெய்ப்பசை போதாமையின், அது நனைந்து குளிரால் மடியும்.

முட்டைக்குப் பெயர்பெற்றது காக்கிக் காம்பெல் என்னும் இனம். இங்கிலாந்தில் அடேல் காம்பெல் என்னும் அம்மையார், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இந்திய ஓட்டவாத்து முதலியவற்றைக் கலந்து இதனை ஆக்கத் தொடங்கினார். (அவ்வோட்டவாத்தும் பெயரளவில்தான் இந்தியது, அதன் பிறப்பிடம் கிழக்கிந்தியத் தீவுகள்.) நன்கு பேணின் ஐந்தாம் மாதமளவில் இடத்தொடங்கி, ஆண்டுக்கு 250 முதல் 300 முட்டை வரை இடும். உண்ணும் முட்டை மட்டும் வேண்டுவார்க்கு ஆண்வாத்துத் தேவையில்லை. வால்நுனியிற் சுருண்ட இறகும் கம்மிய குரலும் உடையது ஆண். உரத்துக் கத்துவது பெண். வாங்கும்போது இதனை நோக்குக.

புதியோர் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. வாத்துப் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலுமே முட்டையிடும். பொழுது விடிந்தவுடன் திறந்துவிட்டால் புதரிலும் நீரோரத்திலும் இட்டுவிடும். இட்டது காக்கைக்கும் கீரிக்குமே ஆம். ஆதலின் காலை ஒன்பது மணிவரை உலர்ந்த வைக்கோல் பரப்பிய அடைப்பிலேயே வைத்துப் பின்னர்த் திறத்தல் வேண்டும். இவ்வொன்றைச் செய்யாதார், இரைக்குச் செலவிட்டும் பயன்பெறார்.

இரையைப்பற்றி ஓர் எச்சரிக்கை. தருமபுரிப் பக்கம் நிலக்கடலை விளைவதாகலின் கடலைப் பிண்ணாக்கு எளிதிற் கிடைக்கும். 1960இல் இங்கிலாந்தில் நூறாயிரத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் விளங்காது மாண்டன, வாத்துக்குஞ்சுகளும் மடிந்தன. ஆராய்ந்தபோது, பூஞ்சை பூத்த கடலைப் பிண்ணாக்கில் உண்டாகும் நஞ்சே காரணமென்று தெரிந்தது. அதற்கு அபிளாடாக்சின் என்று பெயர். வேறு பல உயிர்களினும் வாத்துக்குஞ்சு இந்நஞ்சிற்கு விரைந்து இரையாகும். அருவித்திவலையும் மழையும் ஈரப்படுத்தும் ஊரில், மூட்டையைத் தரையில் வைத்தல் தகாது. பூஞ்சை கண்ட பிண்ணாக்கை வெயிலில் உலர்த்தி இடலாம் என்பாருமுளர், உலர்த்துதலால் நஞ்சு நீங்காது, எறிந்துவிடுக. அதற்கு ஈடாக, வலைஞர் கழிக்கும் சிறுமீனைப் புதிதாக இருக்கும்போதே அவித்துக் கலக்கலாம். இது ஒகேனக்கல்லார்க்கு எளிது.

குஞ்சு வேண்டுவார் ஐந்தாறு பெட்டைகட்கு ஓர் ஆண் சேர்க்க. காக்கிக் காம்பெல் பெரும்பாலும் அடைகாவாது. நாட்டுக்கோழியின் கீழ் வைத்தலே வழக்கம். கோழிமுட்டை 21 நாளிற் பொரிக்கும். வாத்துமுட்டைக்கு 28 நாள் வேண்டும். கோழி அலுத்து எழுந்துவிடாதபடி, அருகிலேயே தீனியும் நீரும் வைத்து அவ்வெஞ்சிய ஏழு நாளும் காத்திருத்தல் வேண்டும்.