இரண்டு படுக்கைகளுக்கு நடுவே

புதிதாக டியூட்டியில் சேரும் நர்சிங் அசிஸ்டென்ட்டிடம் முதல் நாளே எல்லோரும் சொல்லிவிடுவார்கள்: "கிளவ்ஸ் போட்டுக்கோங்க." அதை எப்போது கழற்ற வேண்டும் என்று சொல்பவர்கள் குறைவு. வார்டில் தொற்று பரவும் வழிகளில் முக்கியமான ஒன்று அங்கேதான் திறக்கிறது. ஒரு நோயாளிக்கு டயப்பர் மாற்றிய கையுறையோடே கட்டில் கம்பியைத் தூக்குகிறோம், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறோம், பக்கத்துப் படுக்கையில் யூரின் பேக்கைத் தொடுகிறோம். கையுறை நம் கையைக் காப்பாற்றிவிட்டது. அந்த இரண்டு நோயாளிகளையும் காப்பாற்றவில்லை.

ஒரு வேலைக்கு ஒரு ஜோடி. ஒரே நோயாளியாக இருந்தாலும், மலம் துடைத்த கையுறையோடு அவர் வாயைச் சுத்தம் செய்யக் கூடாது. கழற்றிய பிறகும் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். கழற்றும்போதே விரலில் அழுக்குப் படலாம்.

கையைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடும் முன், டிரெஸ்ஸிங் போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தம், சிறுநீர் போன்றவை பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். பெரும்பாலும் தவறிப்போவது முதலாவதும் கடைசியும்தான். மலமோ சீழோ பட்டால் யாரும் சொல்லாமலே ஓடிப்போய்க் கழுவுகிறோம். அருவருப்பே அதைச் செய்ய வைத்துவிடும். தொடும் முன் கழுவச் சொல்ல அப்படி எந்த உணர்ச்சியும் இல்லை, பழக்கம்தான் உண்டு. நோயாளியைத் தொடவே இல்லை, டிரிப் ஸ்டாண்டை மட்டும் நகர்த்தினோம் என்றாலும் கணக்கில் சேரும்.

பார்வைக்குச் சுத்தமான கை போதாது என்பதற்கு வியன்னா பொது மருத்துவமனை சாட்சி. அங்கே மருத்துவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைவிடத் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். மருத்துவர்களும் மாணவர்களும் பிணப் பரிசோதனை முடித்து நேராகப் பிரசவ அறைக்கு வந்ததுதான் காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். 1847-இல் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். சாவு சரசரவெனக் குறைந்தது. கிருமியால் நோய் வரும் என்பதையே மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளாத காலம் அது.

ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் விட்டுப்போகும் இடங்கள். கையில் அழுக்குத் தெரிந்தாலோ, நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ ஹேண்ட் ரப்பை நம்பாதீர்கள், குழாயடிக்குப் போங்கள். சில கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. மோதிரம், வளையல், நீண்ட நகம் வேண்டாம். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு நாள் முழுக்க ஈரத்தையும் அழுக்கையும் பிடித்து வைத்திருக்கும். அவிழ்க்க மனம் வராதவர்கள் முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்ளலாம்.

யூரின் பேக் உங்கள் பொறுப்பு என்றால் அதைத் தனிக் கவனத்தோடு பாருங்கள். பை எப்போதும் மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது நோயாளியின் வயிற்று மேல் பையை வைக்கும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கலாம். அப்போது பையிலுள்ள சிறுநீர் பின்னோக்கி உள்ளே போக வாய்ப்புண்டு. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் முன்பே காலி செய்யுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி ஜக், குழாய் நுனி ஜக்கில் முட்டக் கூடாது. உடம்பு துடைக்கும்போது முகத்தில் தொடங்கி மறைவிடத்தில் முடியுங்கள்; பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக.

அழுக்குத் துணியை உதறாதீர்கள், உங்கள் யூனிஃபார்மோடு அணைத்துத் தூக்காதீர்கள். ரத்தம் சிந்தினால் மேலே காகிதமோ துணியோ போட்டு, அன்றன்று கலக்கிய 1 சதவீத ஹைப்போகுளோரைட் ஊற்றி, பத்து நிமிடமாவது விட்டுத் துடையுங்கள். அதோடு டாய்லெட் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். ரத்தம் தோய்ந்த பஞ்சும் காஸும் மஞ்சள் பையில். கையுறை, டியூப், யூரின் பேக் சிவப்பில். ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்தில். காசநோய்ச் சந்தேகம் என்றால் நோயாளிக்குச் சாதாரண மாஸ்க், உங்களுக்கு என்-95.

ஊசி குத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஊசி போடுவது நம் வேலை இல்லையே என்று நினைக்க வேண்டாம். படுக்கை விரிப்பில் யாரோ விட்ட ஊசி, நிரம்பி வழியும் டப்பா இரண்டும் பதம் பார்ப்பது பெரும்பாலும் துணியும் குப்பையும் எடுப்பவரின் கையைத்தான். குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடமோ தொற்றுக்கட்டுப்பாட்டு சிஸ்டரிடமோ சொல்லிப் பதிவேட்டில் எழுத வையுங்கள். திட்டுவார்களோ, வேலை போய்விடுமோ என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைக் கூடுமானால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். மறைத்த ஒவ்வொரு மணி நேரமும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

ஒரு குத்தலில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 300-க்கு ஒன்று. ஹெபடைடிஸ்-பி அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும், ஆனால் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. மருத்துவக் கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது நிர்வாகத்தின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. எனவே அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. வேலைக்குச் சேரும் நாளிலேயே கேளுங்கள். முதல் டோஸ், ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அது முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி (anti-HBs) 10 mIU/ml-க்கு மேல் வந்திருக்கிறதா என்று பரிசோதித்து, அந்த ரிப்போர்ட்டின் நகலை உங்கள் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவமனைக்கு மாறும்போதும் அது தேவைப்படும்.